கடைசிக் காட்சியின் கத்தல்

“பத்தல! தொண்டையிலேருந்து வேண்டாம், அடிவயித்திலேருந்து வரணும்! கிழிஞ்சா கிழியட்டும்! இன்னொரு தடவை!”

அடுத்த அறையில் மாஸ்டர் மாணவர்களைக் கத்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் உள்ள அறையில் அவர் மனைவி, துணி அலமாரியின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவைத்து, தொங்குகிற சட்டைகளுக்கும் போர்வைகளுக்கும் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, தன் வகுப்பு தொடங்கக் காத்திருந்தாள். துணி சூழ இருந்தால் அறை எதிரொலிக்காது, குரல் சுத்தமாகப் போகும். ஆனால் சுவரைத் தாண்டி வருகிற புருஷன் சத்தத்தை எந்தப் போர்வையும் தடுக்கவில்லை. கிழிஞ்சா கிழியட்டுமாம். கிழியப்போவது இவர் தொண்டையா?

நாடகக் குழுவில் அவளுக்கு வைத்த பெயர் குரல்காரி. மேடையின் ஓரத்தில் நின்று முணுமுணுத்தால்கூடக் கடைசி வரிசையில் இருப்பவன் நிமிர்ந்து உட்காருவான், அதனால் வந்த பெயர். குழு கலைந்து, ஒத்திகைக் கூடத்தில் யாரோ சோபா விற்க ஆரம்பித்த பிறகு, புருஷனும் பெண்டாட்டியும் வீட்டிலிருந்தே இணையத்தில் வகுப்பு எடுக்கத் தொடங்கினார்கள். அவர் நடிப்பு, அவள் குரல். மாணவர்கள் இரண்டு பேருக்கும் பொது. ஒரு மணி நேரம் அவர் அறையில் இருந்துவிட்டு, அடுத்த மணி நேரம் அவள் அறைக்கு வருவார்கள். அறை என்ன அறை, ஒரு சுட்டியைத் தட்டிவிட்டு இன்னொரு சுட்டியைத் தட்டுவது. வருகிற கோலத்தைப் பார்த்தால் போருக்குப் போய்விட்டு வந்தவர்கள் மாதிரி இருக்கும். அவர் கிழித்து அனுப்புவார், இவள் உட்கார்ந்து தைப்பாள்.

அன்றைக்கும் ஒவ்வொரு கட்டமாகத் திரையில் முகங்கள் வந்தன. குரல்காரியின் முதல் வேலை எப்போதும் ஒன்றுதான்.

“சுத்துச் சத்தத்தைக் குறைக்கிற வசதியை எல்லாரும் அணைச்சாச்சா? அது அணைக்கலேன்னா உங்க மூச்சை எல்லாம் தின்னுடும். எனக்கு உங்க பேச்சைவிட மூச்சுதான் முக்கியம்.”

எல்லாரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். கடைசிக் கட்டத்தில், பின்னால் நீல ஓடு பதித்த சுவர் தெரிய, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள் ஒண்ணாங்கிளாஸ். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர் என்பதால் அந்தப் பெயர். அவளே சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்ட பெயர்தான். அவள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேச அனுமதி உள்ள ஒரே இடம் குளியலறை. வகுப்பு முழுவதும் அங்கேதான்.

“மேடம், கேக்குதா?”

கேட்டது. கரகரப்பாகக் கேட்டது. மாதக்கணக்காகவே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. குரல்காரி அதை முதல் நாளே கவனித்தாள், காரணத்தையும் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்: மலிவான மைக், ஓடு பதித்த சுவர், இழுத்து இழுத்து வருகிற நெட். நேரே எதிரில் நின்று பேசுகிறவளாக இருந்தால் ஒரே வாக்கியத்தில் பிடித்திருப்பாள். இணையத்தில் குரல் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கே வருகிற சங்கடம் இது. எது தொண்டை, எது கம்பி என்று தெரியாது. சந்தேகம் வந்தால் பழியைக் கம்பிமேல் போட்டுவிடுவார்கள்.

“மைக்கை மாத்துங்கன்னு சொன்னேனே.”

“மாத்திட்டேன் மேடம். புதுசு இது.”

“அப்போ நெட்தான். சரி, ஆரம்பிக்கலாம்.”

அந்த வாரத்திலேயே ஒரு பகலில் ஒண்ணாங்கிளாஸ் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். பள்ளிக்கூட மைதானத்தில் நின்றுகொண்டு, கூட வேலை பார்க்கிறவளின் போனில் பேசியது. மாஸ்டர் அரங்கேற்றப்போகிற இணைய நாடகத்தில் தனக்கு முக்கியப் பாத்திரம் கிடைத்துவிட்டது என்று ஒரே குதிப்பு. பின்னால் பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள், காற்று அடிக்கிறது. ஓடும் இல்லை, அந்த மைக்கும் இல்லை. கரகரப்பு மட்டும் அப்படியே இருந்தது.

குரல்காரி செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையின் தொடக்கத்திலும் குரல் கொஞ்சம் தாமதித்துத்தான் ஒட்டியது, நடுவில் காற்று கசிந்தது. இத்தனை மாதமாக ஒரு தொண்டை நோகிறது, இவள் மைக் வாங்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. உடனே போன் போட்டுத் தொண்டை டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். சொன்னாள் என்ன, விரட்டினாள்.

டாக்டர் சொன்னதை ஒண்ணாங்கிளாஸ் போனில் ஒப்பித்தாள். குரல்நாணில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன முடிச்சு. பகலெல்லாம் பிள்ளைகளை அதட்டுவதில் பாதி வந்தது, மீதி வேறு எதிலோ கத்திக் கத்தி வந்தது. சில வாரம் மெதுவாகப் பேசி, பயிற்சி செய்தால் சரியாகும். கத்தினால் ரத்தம் கட்டிக்கொள்ளும், அப்புறம் குரல் திரும்ப வருமா என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

“வேறு எதிலோ” என்பது எது என்று இருவருக்கும் தெரியும். ஒண்ணாங்கிளாஸ் வீட்டார் எல்லாரும் சனிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் அவளைக் கத்தவைப்பார்.

“மேடம், ஒரே ஒரு உதவி. மாஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வேஷத்தை வேற யாருக்காவது கொடுத்துடுவாரு.”

“சொல்லாம இருக்க முடியாதும்மா.”

“அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் மேடம் நான் உயிரோட இருக்கேன்.”

அந்த நாடகத்தில் அவளுக்கு ஓர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிற பெண் வேஷம். கவுன்ட்டர் கவுன்ட்டராகத் துரத்தப்படுவாள். நாடகம் முழுக்க மற்றவர்கள்தான் பேசுவார்கள். கடைசியில் இவள் வாயைத் திறந்து ஒரே வரியைக் கத்துவாள்: நான் இங்கதான் நிக்கிறேன். அவ்வளவுதான், நாடகம் முடிந்தது.

சாப்பாட்டு மேசையில் குரல்காரி விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மாஸ்டர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

“எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நீ கொஞ்சம் பெரிசு பண்றியோன்னு தோணுது.”

“டாக்டர் சொன்னதைச் சொல்றேங்க. நானா சொல்றேன்?”

“டாக்டருக்கு நாடகம் தெரியுமா? அந்தப் பொண்ணு உள்ளுக்குள்ள எவ்வளவு வெச்சிருக்கா தெரியுமா? அது வெளியில வந்தாத்தான் அவளுக்கே நல்லது.”

“வெளியில வரட்டும். பாத்திரத்தை உடைச்சுக்கிட்டுத்தான் வரணுமா? கத்தறதுக்கு ஒரு முறை இருக்கு. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மாசக்கணக்குல நேரம் வேணும். நீங்க ஒரே நாள்ல பொங்கு பொங்குங்கறீங்க.”

“முறை தெரிஞ்சு கத்தினா அது கச்சேரி. நான் கேக்கறது நிஜம்.”

நிஜமாம். குரல்காரிக்கு ரத்தம் கொதித்தது. இந்த மனிதர் தனக்குத் தொண்டை கட்டினால் மூன்று நாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு சைகையால் வெந்நீர் கேட்கிறவர். மழைக்காலத்தில் மப்ளர் இல்லாமல் பால்கனிக்குக்கூடப் போக மாட்டார். மற்றவர்கள் தொண்டை என்றால் மட்டும் கிழிஞ்சா கிழியட்டும்.

“அவ கத்தக் கூடாது,” என்றாள். “அந்த வரியைப் பேச்சுக் குரல்ல சொல்லட்டும். மெதுவா, நேரா பார்த்து. அது போதும். இல்லேன்னா நான் அன்னிக்கு உங்க நாடகத்துக்கு உக்கார மாட்டேன். பார்வையாளரை உள்ள விடறது, மைக்கை மூடித் திறக்கறது எல்லாத்துக்கும் வேற ஆளைப் பாத்துக்குங்க.”

அது வேலை செய்தது. மாஸ்டருக்கு இணையத்தில் எதை அழுத்தினால் எது மூடும் என்று இன்றுவரை தெரியாது. சாதத்தைப் பார்த்துக்கொண்டே, “சரி, சரி. பேச்சுக் குரல்லயே சொல்லட்டும்,” என்றார். அதை நம்பியதுதான் அவள் செய்த பைத்தியக்காரத்தனம்.

மறுநாள் ஒண்ணாங்கிளாஸிடமிருந்து போன் வந்தது. கோபத்தில் அந்தக் கரகரத்த குரல் இன்னும் உடைந்தது.

“மாஸ்டர்கிட்ட சொல்லிட்டீங்கள்ல?”

“உங்க நல்லதுக்குத்தான்…”

“எல்லாரும் அதையேதான் சொல்றாங்க மேடம். எங்க வீட்ல என் நல்லதுக்குத்தான் மெதுவா பேசுங்கறாங்க. அத்தை தூங்கறாங்க மெதுவா பேசு, மாமா நியூஸ் பாக்கறாரு மெதுவா பேசு. ஸ்கூல்ல ஹெச்.எம். பேசினா நாங்க வாயைத் திறக்கக் கூடாது. முதல் முறையா ஒருத்தர் என்கிட்ட கத்துன்னு சொன்னாரு. அதையும் நீங்க வந்து மூடறீங்க. மத்தவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல்லைத் தள்ள முடியுமா? குரல்காரிக்குத் தன்மேலும் கோபம் வந்தது, அந்த வீட்டார்மேலும் வந்தது. ஒரு மனுஷியின் ஏக்கம் எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, சரியாக அங்கே கையை வைத்த தன் புருஷன்மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

“நான் மூட வரல,” என்றாள் கடைசியில். “உங்களை நான் கத்த வைக்கிறேன். முடிச்சு கரையட்டும். வாளியில உக்காந்து இல்ல, நல்லா நின்னுக்கிட்டு, நாள் முழுக்கக் கத்தினாலும் மறுநாள் பேசற மாதிரி கத்த வைக்கிறேன். இந்த ஞாயித்துக்கிழமை நாடகத்துல மட்டும் விட்டுக்கொடுங்க.”

அந்தப் பக்கம் வெகு நேரம் மூச்சு மட்டும் கேட்டது. குரல்காரி அந்த மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அது மெல்ல இறங்கியது.

“சரி மேடம்.”

சனிக்கிழமை சாயங்காலம் குரல்காரி பல் டாக்டரிடம் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மாஸ்டர் பால்கனியில் மப்ளரோடு நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்பாகப் பல்லைப் பற்றி விசாரித்தார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த மனிதர் செடிக்குத் தண்ணீர் ஊற்றி அவள் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். மாஸ்டர் தன் அறையில் புதுச் சட்டையோடு, குரல்காரி தன் அறையில் அலமாரிக்கு முதுகைக் கொடுத்து. பார்வையாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பழைய குழு ஆட்கள், பத்திரிகையில் நாடகம் பற்றி எழுதுகிற ஒரு விமர்சகர், யாரென்று தெரியாத எத்தனையோ பேர். ஒவ்வொருவரையும் உள்ளே விட்டு, மைக்கை மூடினாள். நாடகம் தொடங்கியது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே நடந்தது. ஒவ்வொரு கட்டமும் ஒரு கவுன்ட்டர். ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஓர் ஆள் வேறு கவுன்ட்டரைக் கை காட்டினான். நடுக் கட்டத்தில் நீல ஓடுகளை ஒரு போர்வையால் மறைத்துக்கொண்டு ஒண்ணாங்கிளாஸ் நின்றாள். பேசாமல் நின்றாள். பார்க்கிறவர்களுக்கு அவளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

கடைசிக் காட்சி. எல்லாக் கட்டங்களும் இருண்டன. அவள் மட்டும்.

பேச்சுக் குரல்தான் வரப்போகிறது என்று குரல்காரி காத்திருந்தாள். ஆனால் அந்தப் பெண் மூச்சை இழுத்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தோள் உயர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அது பேசுவதற்கு இழுக்கிற மூச்சு இல்லை. “வேண்டாம்மா, வேண்டாம்,” என்று குரல்காரி பதறிச் சொன்னாள். தன் மைக்கை அவள் மூடிவைத்திருந்தாள். யாருக்குக் கேட்கும்?

“நா…” என்று ஒரு சத்தம் வந்தது. துணி கிழிகிற மாதிரி வந்து, பட்டென்று நின்றது.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வாய் திறந்திருந்தது. உதடுகள் அந்த வரியைச் சொல்லின. மறுபடி மூச்சு இழுத்தாள், மறுபடி வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. மைக்காக இருக்கக் கூடாதா என்று குரல்காரியின் மனம் ஒரு நொடி கெஞ்சியது. ஆனால் அந்தக் கட்டத்தின் ஓரத்தில் பச்சை விளக்கு அவள் மூச்சுக்கெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தது. மைக் வேலை செய்தது. ஒண்ணாங்கிளாஸ் கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனாள். கண் நிறைந்து வழிந்தது. மூன்றாம் முறையும் முயன்றாள். திரை இருண்டது.

அரட்டைப் பெட்டியில் கைதட்டல் படங்கள் மழையாகக் கொட்டின. அற்புதம். உடம்பு சிலிர்த்துவிட்டது. கத்துவாள் என்று எதிர்பார்த்தோம், கத்தாமல் கொன்றுவிட்டாள். விளக்கு வந்ததும் கலந்துரையாடல் ஆரம்பித்தது. விமர்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசினார்.

“சத்தமே இல்லாத அந்தக் கத்தல் இருக்கே, அதை எப்படி யோசிச்சீங்க மாஸ்டர்? எளியவங்களோட குரல் எங்கேயும் போய்ச் சேரலேங்கறதை ஒரு வார்த்தை இல்லாம சொல்லிட்டீங்க.”

மாஸ்டர் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர் முகத்தை அத்தனை வருஷம் பார்த்தவளுக்குத் தெரியும், அவர் திகைத்துப்போயிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கும் புரிந்திருந்தது. உண்மையைச் சொல்ல அவருக்கு அந்த நேரம் போதுமானதாகவே இருந்தது. அவர் நிமிர்ந்து, அடக்கமாகச் சிரித்தார்.

“அந்த மௌனம் சும்மா வரல சார். நேத்து சாயங்காலம் முழுக்க ஒத்திகை பார்த்தோம். முழுசா கத்தவெச்சு, கத்தவெச்சு, அந்த எல்லைக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் இதைக் கண்டுபிடிச்சோம்.”

நேற்று சாயங்காலம்.

குரல்காரி தன் மைக்கைத் திறந்தாள். குரல் நடுங்கவில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்கு எழுந்தது.

“நான் இந்த வகுப்புல குரல் சொல்லிக்கொடுக்கறவ. நீங்க பார்த்தது நடிப்பு இல்ல. அந்தப் பொண்ணுக்குத் தொண்டையில முடிச்சு. கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அது இவருக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். தெரிஞ்சும் நேத்து நான் வீட்ல இல்லாத நேரம் பார்த்துக் கத்தவெச்சிருக்காரு. இப்ப உங்க கண்ணு முன்னாடி அவ குரல் போச்சு. நீங்க கை தட்டினீங்க.”

கைதட்டல் படங்கள் நின்றன. அப்போது ஒண்ணாங்கிளாஸின் பெயர் அரட்டைப் பெட்டியில் எழுந்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்திருப்பாள் போல.

“கத்தினேன். வரல.”

கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒருவர் கீழே எழுதினார்: “மன்னிக்கவும், இதுவும் நாடகத்தில் வருகிறதா?”

“இல்லைங்க!” என்று குரல்காரி கத்தினாள். “இது நாடகம் இல்ல!”

மாஸ்டரின் கட்டம் காலியாக இருந்தது. நாற்காலி மட்டும் லேசாகச் சுழன்றுகொண்டிருந்தது. அடுத்த நொடி அவள் அறைக் கதவு அதிர்ந்தது. அவள் மைக் திறந்தே இருந்ததால், தட்டுகிற சத்தம் அத்தனை பேர் வீட்டிலும் அதிர்ந்திருக்கும்.

“கதவைத் திற! என் மானத்தை வாங்கிட்டியே! இருவது வருஷமா சேர்த்துவெச்ச பேரு!”

“உன் பேருக்கு ஒண்ணும் ஆகல!” கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயில் வராத “நீ” தானாக வந்து விழுந்தது. “அது நல்லா சத்தமாத்தான் கேக்குது! ஊருக்கே கேக்குது!”

“மைக்கை மூடு! மூடித் தொலை! எல்லாரும் கேக்கறாங்க!”

மூட வேண்டிய பொத்தான் அவள் விரலுக்கடியில்தான் இருந்தது. அவள் அழுத்தவில்லை. விமர்சகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் மேசையைப் பார்த்தார். ஒருவர் இருவராக ஆட்கள் நழுவினார்கள். பலர் போகவில்லை.

குரல்காரி போனை எடுத்து ஒண்ணாங்கிளாஸுக்குத் தனியாக எழுதினாள். ‘இப்பவே டாக்டர்கிட்ட போங்க. வழியில யார் கேட்டாலும் ஒரு வார்த்தை பேசாதீங்க. முணுமுணுக்கவும் கூடாது. உங்க வீட்டு விலாசத்தை அனுப்புங்க, நான் கிளம்பி வர்றேன்.’ இத்தனை மாதம் யாருடைய மூச்சை எண்ணிக் கேட்டாளோ அந்தப் பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. நினைக்க வெட்கமாக இருந்தது.

பதில் உடனே வந்தது. விலாசம் இல்லை.

‘நாளைக்குக் காலையில ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கணுமே மேடம். பிள்ளைங்களை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்?’

கதவு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. குரல்காரி எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். தட்ட ஓங்கிய கையோடு நின்றிருந்த மாஸ்டரின் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். அவர் கண்கள் எழுத்துக்களின் மேல் ஓடின. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“மனசுக்குள்ள படிக்காத,” என்றாள் அவள், திறந்திருந்த மைக்கைக் காட்டி. “எல்லாருக்கும் கேக்கணும். சத்தமா படி.”